புதுத் துண்டு

காலை ஆறு ஐம்பதுக்கு அங்கப்பன் துண்டை வாளியில் நனைத்தான்.

பிழிந்து, நீளவாக்கில் முறுக்கி, முனையில் ஒரு முடிச்சுப் போட்டான். ஈரத் துண்டு தோலைக் கிழிக்காது. உள்ளே மட்டும் கன்றிப்போகும். பிரம்பில் அந்த வசதி இல்லை. கூடத்தில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் துண்டைக் காற்றில் ஒருமுறை சொடுக்கினான். அந்தச் சத்தத்துக்கே எல்லோரும் எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, சட்டையைத் தோள்வரை தூக்கிக்கொண்டார்கள்.

"உங்களையெல்லாம் இல்லீங்க," என்றான் அங்கப்பன். "மோகன் தம்பி மட்டும். மத்தவீங்க உக்காருங்க."

சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த குழந்தையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் அங்கே சமையல்காரி. மோகன்குமார் அவள் மகன். அவளைக் கண்டதும் அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். அவள் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பிடித்தால் ஆடமாட்டான். ஆடினால் அடி எங்கே வேண்டுமானாலும் விழும். ஒருமுறை காதில் விழுந்து, அந்தப் பக்கம் கேட்காமலே போய்விட்டது. அதற்கப்புறம் அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது.

எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெங்கடபதி உட்கார்ந்திருந்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் அவருடைய தாத்தா காலத்து மில் குடோனில்தான் அந்த மனநலக் காப்பகம் நடந்தது. கட்டடம் அவருடையது, மானியம் அரசாங்கத்தினுடையது. அங்கப்பன் அவருடைய வேலையாள்.

"நான்தான் எம்.எல்.ஏ.ன்னு வெச்சுக்குங்க தம்பி. சாப்பாடெல்லாம் எப்படிங்க?"

"முதுகு நோவுதுங்க," என்றான் மோகன்குமார்.

வெங்கடபதி தலையை அசைத்தார். துண்டு விழுந்தது. அவனுடைய உடம்பு அவள் கைகளுக்குள் ஒருமுறை இழுத்து விட்டது.

"சாப்பாடு எப்படிங்க தம்பி?"

"முதுகுங்க."

மறுபடி விழுந்தது. முடிச்சு விலா எலும்பில் பட்டு, மரத்தில் தட்டுவதுபோலக் கேட்டது. மோகன்குமார் அவளுடைய முகத்தையே பார்த்தான். அவள் அவனுடைய நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் வெங்காயம் கருகும் வாசனை வந்தது. கையை விட்டுவிட்டுப் போக முடியாது.

"நல்லா இருக்குதுங்கன்னு சொல்லு கண்ணு," என்றாள்.

கடித்த உதடு கிழிந்து எச்சிலோடு ரத்தம் ஒழுகிய பிறகுதான் சொன்னான். "நல்லா இருக்குதுங்க."

"இதுக்கு இத்தன பாடு," என்றார் வெங்கடபதி, எழுந்துகொண்டே. "பாருங்க அம்மணி. அவங்க முன்னால ஒரு வார்த்த தப்பா வந்துதுன்னா, சாயங்காலமே ரெண்டு பேரையும் பொள்ளாச்சி பஸ்சுல ஏத்தி உட்டுருவனுங்க."

பொள்ளாச்சி என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அங்கே ஒரு கொப்பரைக் களத்தில் மோகன்குமார் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் எதற்கென்று தெரியாமல் அரிவாளைத் திருப்பிக் களத்துக்காரர் தம்பியின் தோளில் இறக்கினான். அவனைத் தென்னையில் கட்டிவைத்து மட்டையால் அடித்தார்கள். அவள் போய்க் காலில் விழுந்துதான் அவிழ்த்துக்கொண்டு வந்தாள். இன்னொரு தடவை இந்தப் பக்கம் கண்டால் கழுத்துத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னதைச் செய்கிறவர்கள். வீட்டில் வைத்துக்கொண்டபோது அவளுடைய கன்னத்து எலும்பை உடைத்தான். இடது பக்கம் இன்னும் குழிந்தே இருக்கிறது. விசாரித்த காப்பகங்கள் எல்லாம் கதவைச் சாத்தின. வெங்கடபதி ஒருவர்தான் சேர்த்துக்கொண்டார்.

போன கூட்டத்தொடரில் ராமாமணி என்கிற எதிர்க்கட்சி உறுப்பினர் சட்டசபையில் எழுந்து, இந்தக் காப்பகத்தில் நோயாளிகளை அடிப்பது அரசுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். அடிப்பதில்லை, யார்மேலும் கை படாமல் பார்த்துக்கொள்வோம் என்று அமைச்சர் உறுதி சொன்னார். சபையில் கொடுத்த உறுதி காப்பாற்றப்பட்டதா என்று பார்ப்பதற்கே எம்.எல்.ஏ.க்கள் குழு ஒன்று உண்டு. அந்தக் குழுதான் இன்று வருகிறது.

வெயில் ஏறிய பிறகு கார்கள் வந்தன. வெங்கடபதி கேட்டிலேயே நின்று ஒவ்வொருவருக்கும் பட்டுச் சால்வை போர்த்தினார். வழவழவென்று சத்தமில்லாமல் விரிகிற சால்வை. கூடத்தில் எல்லோருக்கும் புதுச் சட்டை போட்டிருந்தது. குழுத் தலைவர் வரிசைக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் மாவட்ட அதிகாரி, ஒரு வீடியோக்காரர், பாதுகாப்புக்கு ஒரு போலீஸ்காரர்.

"சாப்பாடெல்லாம் எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்க," என்றது கூடம்.

"யாராச்சும் கை வைக்கறாங்களா?"

"இல்லீங்க."

சுப்பண்ணன் மட்டும் எழுந்து தலைவரைச் சுற்றி வந்தார். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். "இவருக்கு எத்தன பல்லுங்க?" என்று அதிகாரியிடம் கேட்டார். "நல்ல சுழி. ஆனா உழவுக்கு ஆகாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டு மோகன்குமாரிடம் வந்தார். "ஒதட்டுல என்ன தம்பி காயம்?"

சமையற்கட்டு வாசலில் குழந்தையம்மாள் கரண்டியை இறுக்கிப் பிடித்தாள்.

"நல்லா இருக்குதுங்க," என்றான் மோகன்குமார்.

"கீழ விழுந்துட்டாருங்க," என்றார் வெங்கடபதி.

தலைவர் அதிகாரி பக்கம் திரும்பினார். "அப்ப உறுதிமொழி நிறைவேறியதுன்னு எழுதிக்கலாமுங்களா?"

"எழுதிக்கலாமுங்கய்யா."

குழந்தையம்மாள் மூச்சை விட்டாள். அப்போது இன்னொரு கார் வந்து நின்றது. சட்டசபையில் கேள்வி கேட்ட ராமாமணி இறங்கி வந்தார்.

"மேட்டுப்பாளையம் ரோட்டுல பாக்கு லாரி கவுந்து கெடக்குதுங்க. அதுக்குள்ள முடிச்சுப்போட்டீங்களாட்ட?" என்றார் தலைவரிடம்.

சால்வை தீர்ந்துபோயிருந்தது. வெங்கடபதியின் கண் ஒரு கணம் அலைந்தது. கேள்வி கேட்டு வம்பிழுத்தவர்தான், ஆனாலும் வாசலேறி வந்தவரை வெறுந்தோளோடு அனுப்பினால் அவருடைய வீட்டுக்கே இழுக்கு. "அம்மா மொதமொறை வந்திருக்கறீங்க. ஒரு நிமிசமுங்க," என்றார்.

"அதெல்லாம் எதுக்குங்க?"

அங்கப்பன் ஸ்டோர் ரூமுக்கு ஓடினான். கஞ்சி மொடமொடப்புக் குறையாத புதுத் துண்டு ஒன்றோடு வந்தான். மடிப்புப் பிரிய அதைக் காற்றில் பலமாக உதறினான்.

சத்தம் சுவரில் அடித்துத் திரும்பியது.

கூடம் முழுவதும் எழுந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பியது. புதுச் சட்டைகள் தோள்வரை ஏறின.

முதுகுகள் தெரிந்தன. சில நீலமாக, சில பழுத்து மஞ்சளாக. சுப்பண்ணனின் முதுகில் முடிச்சு விழுந்த இடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கறுத்திருந்தன. ஒருவருக்குக் கால்வழியே மூத்திரம் இறங்கித் தரையில் ஓடியது. அங்கப்பன் துண்டை விரித்தபடியே நின்றான். அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

மோகன்குமார் மட்டும் சுவருக்குப் போகவில்லை. கூடத்தைக் கடந்து சமையற்கட்டு வாசலுக்கு வந்தான். அம்மாவின் முன்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

கரண்டி கீழே விழுந்தது. அவள் அவன் மணிக்கட்டுகளைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"காலைல யோகா சொல்லிக் குடுக்கறமுங்க, அந்தப் பழக்கம்," என்று சொல்லிக்கொண்டே வெங்கடபதி விரைந்து வந்து மோகன்குமாரின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். மோகன்குமாரின் தலை பின்னால் பாய்ந்தது. வெங்கடபதியின் மூக்கு உடையும் சத்தம் கூடத்தின் கோடிவரை கேட்டது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் கொட்டியது.

போலீஸ்காரரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. லத்தி முதலில் மோகன்குமாரின் முட்டியில் விழுந்தது. அவன் மடங்கினான். அடுத்தது தலையில். மூன்றாவதுக்குக் குழந்தையம்மாள் அவன்மேல் கவிழ்ந்துகொண்டாள். அது அவளுடைய முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்தது தெரிந்தது. வலி இன்னும் வரவில்லை.

"போதும் உடுங்க," என்றார் தலைவர். அதற்கப்புறமும் ஓர் அடி விழுந்தது.

ராமாமணி அதிகாரியின் முன்னால் போய் நின்றார். "அமைச்சர் சபையில படிச்ச பதிலை எழுதிக் குடுத்தது யாருங்க?"

"எங்க ஆபீசுதானுங்கம்மா."

"நீங்க இங்க வந்து பாத்தீங்களா?"

"ரிப்போர்ட்டு வந்துதுங்கம்மா."

"யாருகிட்ட இருந்து?"

அதிகாரி, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற வெங்கடபதியைப் பார்த்தார். வீடியோக்காரர் கேமராவைக் கீழே இறக்கியிருந்தார்.

"எடுங்க," என்றார் ராமாமணி அவரிடம். "இதத்தான் எடுக்கோணும்." பிறகு குழந்தையம்மாளின் பக்கத்தில் ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்தார். "இங்க வேலை பாக்கறீங்களா அம்மணி? பயப்படாதீங்க. தலைவர் இருக்கறாரு, அதிகாரி இருக்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். இன்னைக்கே இதுக்குப் பூட்டுப் போட்டுரலாம். அடிக்கறது யாரு?"

வெங்கடபதி விரல்களுக்கு மேலாக அவளைப் பார்த்தார். மோகன்குமாரின் தலை அவள் மடியில் கனத்தது. மயிருக்குள்ளிருந்து ரத்தம் இளஞ்சூடாக அவளுடைய சேலையில் ஊறியது. அவன் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன. உடையாத கையால் அவற்றை ஒவ்வொன்றாக மடக்கி அவன் நெஞ்சின்மேல் வைத்தாள்.

"அடிக்கறது அங்கப்பனுங்க," என்றாள். "அடிக்கச் சொல்றது அவருங்க. புடிச்சுக்கறது நானுங்க."

தலைவர் போனை எடுத்து யாரிடமோ, வரச் சொல்லுங்க, சீல் வைக்கற சாமானோட வரச் சொல்லுங்க, என்றார். சுவரோரம் யாரும் இன்னும் சட்டையைக் கீழே இறக்கவில்லை. ராமாமணி அவளுடைய தோளைத் தொட்டார்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க."

"பண்ணிப்போட்டனுங்க," என்றாள் குழந்தையம்மாள். "நீங்கெல்லாம் பூட்டிப்போட்டுக் கார்ல ஏறிப் போயிருவீங்க. பொழுது எறங்குனா இவன நான் எங்கீங்கம்மா படுக்க வெக்கறது?"