முதல் காய்ச்சல் யாருக்கு?

அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று ஊர் உலகமெல்லாம் அடித்துக்கொண்டது. சந்தையிலிருந்து என்று ஒரு கட்சி, ஆய்வுக்கூடத்திலிருந்து என்று இன்னொரு கட்சி. என் தலையெழுத்து, இரண்டு கட்சியும் என் வீட்டிலேயே குடியிருந்தன. நான் அந்தச் சந்தையில் மீன் விற்பவள். என் வீட்டுக்காரர் அந்த ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறவர்.

டிவியைப் போட்டால் போதும், ஆரம்பித்துவிடும்.

"பாத்தியா, உங்க சந்தைதான்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு."

"சேனலை மாத்துங்க. அங்க இன்னொரு பெரிய டாக்டர் உங்க லேபைக் கிழிகிழின்னு கிழிக்கிறாரு."

சண்டை அதைப் பற்றியே இல்லை. முதல் வாரத்திலேயே என் மாமனாரை அந்தக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. முகத்தைக்கூடக் காட்டாமல் பையில் மூடி எடுத்துப் போனார்கள். அவர் படுக்கும் முன்பே எங்கள் இருவருக்கும் உடம்பு சுட்டது. அவருக்கு யார் கொடுத்தோம்? நேருக்கு நேர் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் நின்றே சாப்பிடுவார். நான் கூடத்தில் சாப்பிடுவேன். மாமா பேப்பர் படித்த ஜன்னல் பக்கம் இரண்டு பேருமே போவதில்லை.

கடைக்கு சீல் வைத்துவிட்டார்கள். என் கத்தியெல்லாம் உள்ளே துருப்பிடித்துக் கிடந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்தார்.

"டிவியில விவாதம் வெக்கிறாங்கம்மா. நம்ம சந்தை மேல தப்பில்லைன்னு நீ நாலு வார்த்தை பேசு. அப்பதான் கடையைத் திறக்க விடுவாங்க."

சரியென்றேன். அப்புறம் டிவி நிலையத்துப் பெண் போனில் விசாரித்தபோது, வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டாள். வாய் சும்மா இருக்கிறதா? சொல்லிவிட்டேன்.

"ஐயோ, சந்தையும் லேபும் ஒரே வீட்லயா! ரெண்டு பேரும் வந்துடுங்களேன்!"

வீட்டுக்காரருடைய மேலதிகாரியும் அனுமதி கொடுத்துவிட்டார். "ஏடாகூடமா எதையாவது உளறினா, அப்படியே வீட்லயே இருந்துக்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாராம். பஸ்ஸில் இருவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து போனோம்.

அங்கே எனக்குச் சிவப்பு நாற்காலி, அவருக்கு நீல நாற்காலி. மூஞ்சியில் பவுடரை அப்பி, எதிரெதிராக உட்கார வைத்தார்கள். நடுவில் இரண்டு டாக்டர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். எங்கோ தூரத்தில் நடந்ததை இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி பேசினார்கள். எனக்கோ இரண்டு ரூம் வீட்டுக்குள் நடந்ததே தெரியவில்லை. எரிச்சலாக வந்தது.

விவாதம் நடத்துகிறவர் திடீரென்று என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஐயா, ஒரே கேள்வி. உங்க வீட்ல முதல்ல யாருக்குக் காய்ச்சல்?"

வீட்டில் 'உங்க சந்தைதான்' என்று பாடுகிறவர், இங்கே 'அவளுக்குத்தான்' என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். 'இல்ல, உங்களுக்குத்தான்' என்று கத்த நான் வாயைத் திறந்து தயாராக இருந்தேன்.

அவர் தன் கையையே பார்த்தார். "எனக்குத்தான். எங்கப்பாவுக்கு நான்தான் குடுத்துட்டேன்."

லேபைக் கிழித்துக்கொண்டிருந்த டாக்டர், "பாத்தீங்களா!" என்று மேசையில் ஓங்கித் தட்டினார். சங்கத் தலைவர் பார்த்துக்கொண்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கடை திறந்துவிடும். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாவி மனுஷன், இதை உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை நாளும் என்னிடம் மல்லுக்கு நின்றார்?

"பொய் சொல்றாரு!" எழுந்துவிட்டேன். "எனக்குத்தான் முதல்ல. ஐஸ்ல கை வெச்ச சளின்னு நெனச்சுட்டேன். மாமாவுக்குச் சோறு போட்டவ நான்தான்."

"அம்மா, நீங்க உங்க பக்கத்துக்கே எதிரா பேசறீங்க..."

"என் பக்கம் அவருதான்யா!"

"விளம்பரம்! விளம்பரத்தைப் போடுங்க!" என்று யாரோ அலறினார்கள்.

விளக்குகள் மங்கின. அவர் சட்டையில் மாட்டிய மைக் வயரை இழுத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"நெஜமாவே உனக்கா முதல்ல?"

"தெரியலைங்க. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியல."

என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, "அப்பா" என்று விம்மினார். நானும் இறங்கி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். டிவி நிலையத்துப் பெண் ஓடிவந்தாள்.

"சார், ஆரம்பிக்கப் போறோம். உங்க சீட் அந்தப் பக்கம்."

"போம்மா" என்றேன். மாமா போன பிறகு நாங்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.