சேமிக்காத சத்தம்

மனைவி விழுந்த காலையில் சாத்திய கதவை அவர் அதற்குப் பிறகு திறக்கவேயில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. தூசு துரும்பு என்றால் ஆகாது. ஆனால் அந்த ஒரு அறையை மட்டும் பெருக்கக்கூட மனசு வரவில்லை. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறை. அதற்குள் கீபோர்டு, கணினி, மிக்சர், இரண்டு ஸ்பீக்கர், தலைமுடிச் சிக்குபோல மேசைக்கடியில் கிடக்கும் வயர்கள். அங்கே உட்கார்ந்துதான் அவள் நடனப் பள்ளிகளுக்கும் சின்னச் சின்ன விளம்பரங்களுக்கும் இசை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பக்கவாதம் அவளுடைய வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்து வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. “அப்புறம்.” பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், ஜன்னலை மூடச் சொல்லவும் அப்புறம். அவளுக்கு எல்லாம் புரிகிறது, வெளியே வரும் வழியில்தான் குழப்பம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தலையாட்டலையும் முழுசாக நம்ப முடியாது. இல்லை என்று நினைத்துக்கொண்டே ஆமாம் என்று ஆட்டிவிடுவாள், பிறகு தன்மேலேயே எரிச்சல்பட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

இப்படியிருக்கும்போதுதான் நடன டீச்சர் பார்க்க வந்தார். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் வைத்து அவரிடம் மெதுவாகக் கேட்டார். ஆண்டு விழாவுக்கு அக்கா ஒரு பாட்டு முடித்து வைத்திருந்தார்களாம். வாசித்துக் காட்டியதை டீச்சர் கைப்பேசியில் தாளத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறார். கரகரவென்றிருக்கும் அந்தப் பதிவை மேடையில் போட முடியாது, தெளிவான பதிவு கிடைக்குமா என்றார்.

யோசிக்காமல் அவர் வாய் முந்திக்கொண்டது. “நான் எடுத்துத் தர்றேன் டீச்சர்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து அந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கீபோர்டில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவள் விட்டுப் போனபடியே, இன்வர்ட்டர் தயவில் இத்தனை நாளும் எரிந்திருக்கிறது. கணினியில் பாட்டின் கோப்பும் எளிதாகக் கிடைத்தது. பிளே பட்டனை அழுத்தினார்.

கீபோர்டு தானாகப் பாடியது.

யாரும் தொடவில்லை, ஆனால் அவள் வாசித்தது அப்படியே வந்தது. இழுக்கிற இடத்தில் இழுத்து, அவசரப்படுகிற இடத்தில் கொஞ்சம் அவசரப்பட்டு. பாட்டிலின் வாயில் யாரோ தூரத்திலிருந்து ஊதுவதுபோல ஒரு சத்தம், அதன் ஓரத்தில் மெல்லிய நடுக்கம். இந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் நாள்கணக்கில் கீபோர்டின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒரே ஊதலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்று சமையலறையிலிருந்து அவர் கத்தியதும் உண்டு. இப்போது திரும்பிப் பார்த்தார். அவளுடைய இடது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

வேலை முடிந்தது என்றே நினைத்தார். கோப்பைப் பாட்டாக மாற்றுகிற கட்டளையை மெனுவில் தேடி அழுத்தினார். உருவான பாட்டைத் திறந்தால், அதில் ஒன்றுமேயில்லை. முழு நீளத்துக்கும் மௌனம். இன்னொரு தடவை செய்தார், இன்னொரு மௌனம் கிடைத்தது.

அவளோடு முன்பு வேலை பார்த்த ஒலிப்பதிவுக்காரனுக்குப் போன் போட்டார். அவன் வெளியூரில் ஏதோ படப்பிடிப்பில் இருந்தான். விட்டுவிட்டுக் கேட்கிற போனில் பொறுமையாகத்தான் சொன்னான். “மாமா, கம்ப்யூட்டர்ல சத்தமே கிடையாது. எந்தக் கட்டைய எப்ப அழுத்தணும்ங்கிற குறிப்பு மட்டும்தான் இருக்கு. சத்தம் கீபோர்டுக்குள்ள இருக்கு. அத வயர் வழியா கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வரணும்.”

கீபோர்டின் சத்தம் மிக்சருக்குப் போகிறது, மிக்சரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிறது. அறைக்குக் கேட்கிறதே தவிரக் கணினியின் காதுக்குப் போகவேயில்லை. கணினியோடு இணைந்த சின்னப் பெட்டி ஒன்று இருக்கும், கீபோர்டு வயரைப் பிடுங்கி நேராக அதில் சொருகுங்கள், புதிதாக ஒரு டிராக் திறந்து பதிவு செய்யுங்கள் என்றான். அதற்குள் அவனை யாரோ கூப்பிட்டார்கள். போன் அறுந்தது.

கீபோர்டின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. மேசையை நகர்த்துவதற்காக மின்சார வயரைக் கழற்ற அவர் கையைக் கொண்டுபோனபோது, அவள் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல பிடி. “அப்புறம்,” என்றாள். “அப்புறம், அப்புறம்.”

ஷாக் அடிக்குமென்று பயப்படுகிறாள் என நினைத்தார். “ஒண்ணும் ஆகாதும்மா,” என்று கையை விலக்கிவிட்டார். இருந்தாலும் அவளுக்காக மேசையை நகர்த்தவில்லை. அதற்குப் பதில் மிக்சரிலிருந்தே ஒரு வயரை எடுத்துச் சின்னப் பெட்டியில் சொருகினார். மிக்சருக்குள்தான் கீபோர்டும் வருகிறதே, எங்கிருந்து எடுத்தால் என்ன. இந்த ஓட்டையா, அந்த ஓட்டையா என்று ஒவ்வொன்றாகக் காட்டி அவளிடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

கணினியின் சத்தமும் அதே மிக்சர் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை. பதிவு பட்டனை அழுத்திய மறுகணம், உள்ளே போன சத்தம் வெளியே வந்து, வந்தது மறுபடி உள்ளே போய், சுற்றிச் சுற்றிப் பெருத்து ஒரே கூச்சலாக வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவளால் ஒரு காதை மட்டும்தான் பொத்திக்கொள்ள முடிந்தது. எதை அணைப்பது, எதைக் குறைப்பதென்று தெரியாமல் அவர் தடுமாறினார். கடைசியில் குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

எல்லாம் அடங்கியது. சிவப்பு விளக்கும் அணைந்தது.

அவள் அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துபோய்விட்டாள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை.

ஒலிப்பதிவுக்காரன் திரும்பக் கூப்பிட்டான். இந்த முறை அவன் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார். மேசையை நகர்த்தி, கீபோர்டு வயரை நேராகச் சின்னப் பெட்டியில் சொருகி, டிராக்கைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுத்தார். பிளே அழுத்தினார். திரையில் அலை அலையாகக் கோடு எழுந்தது. பதிவாகிறது, சந்தேகமேயில்லை.

ஆனால் வந்தது பியானோ. சாதாரணப் பியானோ. கட்டைகள் அதேதான், இழுப்பும் அவசரமும் அதேதான், ஊதலைத்தான் காணோம்.

போனில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் தயங்கிக் கேட்டான். “அக்கா அந்த சவுண்ட சேவ் பண்ணி வச்சிருந்தாங்களா மாமா?”

அவன் சொல்லச் சொல்லக் கீபோர்டின் சின்னத் திரையில் தேடினார். இல்லை. திருகி உண்டாக்கிய சத்தத்தைச் சேமிக்காமல் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள், இன்னும் கீழே இறக்கி வைக்கவில்லை. மின்சாரம் போனால் கீபோர்டு அதை உதறி மறந்துவிடும். மறுபடி செய்ய வேண்டுமானால் எந்தக் குமிழை எவ்வளவு திருகினார்களென்று அக்காதான் சொல்ல வேண்டும் என்றான். சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். “மன்னிச்சிருங்க மாமா,” என்றான்.

அப்போதுதான் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அவள் பிடித்த இடம் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது.

“இதத்தான் சொன்னியா?” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றுதான் ஆட்டினாள். அதைக்கூட நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் நின்றார். லென்ஸில் கீறல் விழுந்தால் இன்னொன்றைத் தேய்க்கலாம். இங்கே எதைத் தேய்ப்பது?

நாற்காலியைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் தள்ளினார். அவள் இடது கையால் குமிழ்களைத் திருக ஆரம்பித்தாள். பியானோ போய் ஒரு கொசுச் சத்தம் வந்தது, அப்புறம் மூக்கடைத்த குழல், அப்புறம் மணி. ஒருமுறை ஊதல் மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. “இதா? இதுக்குக் கிட்டவா?” என்று அவசரமாகக் கேட்டார். தலையாட்டினாள். அடுத்ததற்கும் ஆட்டினாள். தான் கேட்டதே அவளைக் குழப்பியதோ என்று வாயை மூடிக்கொண்டார். அந்தச் சத்தத்தைத் தன் காதிலிருந்தாவது எடுத்துக் கொடுக்கலாமென்று பார்த்தால், அதுவும் பிடிபடவில்லை. சமையலறையில் எரிச்சலோடு கேட்டது மட்டும்தான் நினைவிருந்தது. வெளிச்சம் மங்கியபோது அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பியானோவையே பதிவு செய்து அனுப்பினார். துல்லியமாக இருக்கிறதென்று டீச்சர் சந்தோஷப்பட்டு நன்றி சொன்னார். ஊதல் எங்கே என்று கேட்கவில்லை. அந்தக் கரகரப்பில் அதைக் கேட்டிருப்பாரோ மாட்டாரோ.

விழாவுக்கு அவள் வர மறுத்துவிட்டாள். அவளுடைய தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டு அவர் மட்டும் போய்வந்தார். பிள்ளைகள் ஒரு அடி தப்பாமல் ஆடினார்கள், கைதட்டல் ஓயவேயில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னார்.

அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தூக்கமா, கோபமா, கேட்ட நிறைவா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டாலும் பதில் எப்படி வரும் என்று தெரியும். போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.