இருளுக்கு ஒரு நல்ல பொருள்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்மணிகளே. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு சொல்லுக்காக ஒரு வீடே மல்லுக்கு நின்ற கதை வைத்திருக்கிறேன்.

ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வீட்டு முன்னறையில் அகராதி தொகுத்தார்கள். அவர் ஆசிரியர், அவள் துணையாசிரியர். அகராதி செய்கிறவர் அகராதி பிடித்தவராக இருப்பதில் வியப்பென்ன? அச்சில் வந்த மேற்கோள் இல்லாத பொருள் எதையும் உள்ளே விடமாட்டார்.

அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வந்துவிட்டால் ஜன்னலை அடைத்து, திரையை இழுத்து, இருட்டில் படுத்தால்தான் உயிர் திரும்பும். விட்டால்தானே! நாத்தனார் கதவைத் திறந்ததும் கை நேரே சுவிட்சுக்குத்தான் போகும்.

“என்ன அண்ணி, பட்டப்பகல்ல இப்படி அடைஞ்சு கிடக்கீங்க? வெளக்கப் போட்டாத்தானே வீடு வெளங்கும்!”

“வெளங்கின வரைக்கும் போதும், அணைச்சிட்டுப் போம்மா.”

ஒரு நாள் ‘இருள்’ என்ற சொல், ‘இருட்டு’ என்ற பேச்சு வடிவத்தையும் கூட்டிக்கொண்டு, அவர்கள் மேஜைக்கு வந்தது. கணவர் அதன் பிறப்பை எழுதினார்: கருமையைக் குறிக்கும் அடியிலிருந்து வந்தது, இராவும் இரும்பும் அதன் உடன்பிறப்புகள் என்று. பிறகு பொருள்: கருமை, மயக்கம், அறியாமை, துன்பம், நரகம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒரு சொல்லுக்கு இத்தனை வசவா? ‘இதமான மறைவு’ன்னு ஒண்ணு சேருங்க.”

“மேற்கோள்?”

தேடினாள். எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் இருள் நீங்கியது, அகன்றது, ஓடியது, ஒழிந்தது. புலவர்கள் எல்லாரும் கையில் துடைப்பத்தோடுதான் இருளிடம் போயிருந்தார்கள். கடைசியில் பழைய காதல் பாட்டுகளைத் தூக்கி வந்தாள். மறைவாக வரும் காதலனைக் காட்டிக்கொடுக்கிறதே என்று காதலி நிலவை ஏசும் பாட்டுகள்.

“பாருங்க! இருட்டு வேணும்னுதானே கேக்கறா?”

“எங்க கேக்கறா? நிலாவைத் திட்டறா. இருளைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா?”

“உங்களுக்குச் சுவரே தேவலை.”

“சுவருக்கும் மேற்கோள் கொண்டா.”

மறுநாள் மாலை பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். போய்விட்டால் அடுத்த பதிப்பு வரை அந்தச் சொல் கெட்ட பெயரோடுதான் நிற்கும். அவள் தன் பொருளை, திருத்துவதற்காக அச்சகம் அனுப்பிய மெய்ப்பில் எழுதினாள். அவர் சிவப்பு மையால் அடித்தார். மறுபடி எழுதினாள், மறுபடி அடித்தார். மறுநாள் மதியத்துக்குள் அவளுக்கு மண்டை பிளந்தது. மூன்றாம் முறையும் எழுதி, மெய்ப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளறையை அடைத்துப் படுத்துவிட்டாள்.

அச்சகத்திலிருந்து போன்மேல் போன். மெய்ப்பைக் கேட்க உள்ளே போனவர் கையும் சுவிட்சைத் தேடியது. கதவிடுக்கு வெளிச்சத்தில், இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திச் சுருண்டு கிடந்தாள் அவள். கை அப்படியே நின்றது. கதவைச் சாத்திவிட்டுத் தடவித் தடவி நடந்தார். கட்டில் கால் அவர் சுண்டுவிரலைப் பதம் பார்த்தது. அலறலை விழுங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் கதவைத் திறந்தாள்.

“ஏய், சுவிட்சுல கை வெச்சே, தெரியும்! அவளுக்கு இருட்டுதான் மருந்து” என்று பல்லைக் கடித்தார் அவர்.

கட்டிலிலிருந்து மெல்லக் குரல் வந்தது: “இது எந்தப் புத்தகத்துல இருக்கு?”

அவர் மெய்ப்பை எடுத்துக்கொண்டு நொண்டியபடி முன்னறைக்குப் போனார். அவள் எழுதியதை விட்டுவைத்தார். அதன் கீழே, முணுமுணுத்துக்கொண்டே, தான் சொன்னதையே மேற்கோளாக எழுதி, ‘பேச்சு வழக்கு’ என்று குறித்தார்.

உங்கள் வீட்டிலும், கண்மணிகளே, நொந்து படுத்தவருக்குச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தித் தரும் கை என்றும் இருக்கட்டும். நல்லா இருங்கள்.