ஸ்போக்மையா, ஸ்போஜ்மையா?

என் சித்தி மகள் ஸ்போக்மைக்கு பிஷீனிலிருந்து சம்பந்தம் வந்தபோதே இது சுலபத்தில் முடியாது என்று நினைத்தேன். மாப்பிள்ளை நல்லவன், குறை அவன் ஊரின் நாக்கில். இரண்டு ஊருக்கும் பாஷை ஒன்றுதான்; ஆனால் சார்சத்தாவில் நாங்கள் 'க' என்று சொல்லும் எழுத்துகளை அவர்கள் 'ஜ' என்றும் 'ஷ' என்றும் சொல்வார்கள். எழுதினால் ஒன்றுதான். வாயைத் திறந்தால்தான் வம்பு.

நிக்காஹ் நாளன்று பெண்கள் அறையின் திரைக்குப் பின்னால் மணப்பெண்ணின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். சம்மதம் கேட்க வழக்கமாகப் பெண் வீட்டுக்காரர்தான் வருவார். மாப்பிள்ளையின் பெரியப்பா ஹாஜி பாயந்தாவோ, "நான்தான் கேப்பேன்" என்று அடம்பிடித்துத் திரைக்கு வெளியே வந்து நின்றார்.

"மகளே ஸ்போஜ்மை, ஷாயிஸ்தா கானைக் கட்டிக்கச் சம்மதமா?"

ஸ்போக்மை என் காதருகே குனிந்தாள்.

"யாரைக் கேக்குறாரு?"

"உன்னைத்தான்டி."

"என் பேரு அது இல்லையே."

"இப்பப் போயி விளையாடாதடி."

"விளையாட்டா? வாழ்க்கையில ஒரு தடவை கேக்குறாங்க. அதையாவது என் பேரைச் சொல்லிக் கேக்கட்டும்."

பாயந்தா குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். இவளும் குரலை உயர்த்தினாள்.

"அப்படி ஒருத்தி இந்த வீட்டுல இல்லீங்க!"

பெண் மாட்டேன் என்றுவிட்டாள் என்ற செய்தி முற்றத்தைத் தாண்டி ஆண்களிடம் போய்ச் சேர்ந்தது. சமையல்காரர் திறந்த அண்டாவை மறுபடி மூடினார். பெண்ணின் அப்பா ஜர்வலி கான் தலைப்பாகை அவிழ ஓடி வந்தார்.

"ஒரு எழுத்துக்காகவா மானத்தை வாங்குற?"

"எழுத்துல தகராறு இல்ல பாபா. அவரு நாக்குலதான்."

அதைக் கேட்ட பாயந்தாவுக்கு மீசை துடித்தது. "பாஷைன்னா எங்க பாஷை! நீங்க பேசுறது தொண்டையில கல்லை உருட்டுற மாதிரி இருக்கு."

அதுவரை மகளைத் திட்டிக்கொண்டிருந்த ஜர்வலி அந்த நிமிடமே கட்சி மாறினார். "நீங்க மட்டும் என்னவாம் ஹாஜி சாஹிப்? கொதிக்கிற கெட்டில் மாதிரி உஷ்ஷு உஷ்ஷுன்னு! என் பொண்ணு பேசுனது நியாயம்தான்!"

இருவரும் கத்தத் தொடங்கினார்கள். முல்லா இரண்டு பேரையும் சமாதானப்படுத்தப் போனார். அவர் பன்னு ஊர்க்காரர், அங்கே பேச்சு இன்னும் வேறு மாதிரி. அவர் பேசியது இரண்டு பேருக்குமே புரியவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே திரைக்கு வெளியே புதிதாக ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது. மாப்பிள்ளையேதான்! அத்தைமார் "ஐயையோ வெக்கக்கேடு!" என்று கத்தினார்கள், கத்திக்கொண்டே நன்றாக எட்டியும் பார்த்தார்கள்.

"ஸ்போ... ஸ்போஜ்..." என்று ஆரம்பித்தான். இருமினான். தொண்டையைச் செருமினான். "ஸ்போ... க்... க்..."

"யாராச்சும் தண்ணி குடுங்கப்பா," என்றாள் ஒரு அத்தை.

"ஸ்போக்மை!"

மீன் முள் சிக்கியவன் துப்பியது போல இருந்தது. ஆனால் 'க' இருந்தது. ஸ்போக்மையின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று முக்காட்டை விலக்கினேன்; சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சம்மதம்," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ஷாயிஸ்தா கானுக்குச் சம்மதம்."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊரில் எவளும் அவனைக் காயிஸ்தா என்றுதான் சொல்வாள். இவள் பிஷீனில் பிறந்தவள் போல வழுக்கிக்கொண்டு சொன்னாள். ரகசியமாகப் பழகியிருக்கிறாள், கள்ளி!

பாயந்தாவின் முகம் பூத்துவிட்டது. "கேட்டீங்களா? என் மருமக வாயில நம்ம பாஷை எப்படி வருது பாருங்க!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அதற்குள் பின்னால் யாரோ சந்தோஷத்தில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். அண்டாவும் திறந்துவிட்டது.

சாப்பாட்டு விரிப்பில் சம்பந்திகள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பாயந்தா ஜர்வலியின் முதுகைத் தட்டி, கறித் தட்டைக் காட்டி, "சம்பந்தி, அந்த க்வஷாவை இப்படித் தள்ளுங்க," என்றார்.

"அது க்வகா," என்றார் ஜர்வலி.

"க்வஷா!"

"என் வீட்டு ஆடு ஹாஜி சாஹிப். அதோட கறி க்வகாதான்!"

அவர்கள் முடிவுக்கு வருவதற்குள் எதிரே உட்கார்ந்திருந்த முல்லா அந்தத் தட்டைக் காலி செய்துவிட்டிருந்தார்.