டிரைவர் வராமல் வண்டி எடுப்பதில்லை

மயிலம் முருகன் மேல் ஆணையாக, உள்ளங்கையில் சூடம் ஏற்றி அணைத்து, இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று முதலிலேயே சத்தியம் செய்தாகிவிட்டது. கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. கொஞ்சம் குறைத்துச் சொன்னது உண்டு. முழுவதையும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

திண்டிவனத்தில் நெடுஞ்செழியன் என்று ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் இருக்கிறார். முப்பத்தோரு வருஷம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் மட்டுமே வண்டியில் நின்றவர். போவது ஒரு சிங்கிள், வருவது ஒரு சிங்கிள் என்று நாளைக்கு எட்டு சிங்கிள். அந்தத் தூரத்தை மடக்காமல் நீட்டியிருந்தால் நிலாவுக்கு மூன்று தடவை போய்த் திரும்பியிருக்கலாம். அவரோ பக்கத்திலிருக்கும் செஞ்சியைக்கூடப் பார்த்ததில்லை. செஞ்சி அவர் ரூட்டில் இல்லை.

ரிட்டயர் ஆன அன்று கழுத்தில் போட்ட மாலையோடு வந்து ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மாலையை நான்காம் நாள் மனைவி அம்சாதான் கழற்றினாள். வருத்தம் என்று சொல்ல முடியாது. வருத்தப்படுகிறவன் பெருமூச்சாவது விடுவான். அவருக்குள் ஒன்றும் நடக்கவில்லை. கடைசி சிங்கிள் முடித்து டெப்போவில் நிறுத்திய வண்டி மாதிரி இருந்தார். அம்சா ஒரு நாள் குழம்பில் உப்பே போடாமல் வைத்தாள். சாப்பிட்டார். மறுநாள் மூன்று கை உப்பு போட்டாள். அதையும் சாப்பிட்டார். தட்டில் மல்லாட்டை வைத்தால் கடலையை ஓட்டோடு மென்றார். தேர்தல் சமயத்தில் வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்திருந்தபோது, ஒரு கட்சிக்காரர் வந்து அவர் முதுகில் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார். அரை மணி கழித்து எதிர்க்கட்சிக்காரர் வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அதன் மேலேயே தன் போஸ்டரை ஒட்டினார். இரண்டு பேரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பசை காய்ந்தபோது சட்டையைக் கழற்ற அம்சாவுக்குத்தான் பாடு.

பெங்களூரில் இருக்கும் ஒரே பெண் சங்கவிக்கு, வெளிவரப்போகிற வீடியோ கேம்களை ஆடி ஆடித் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. அவள் ஒரு பெரிய பெட்டியைக் கூரியரில் அனுப்பிவிட்டு போனில் வந்தாள்.

“அம்மா, அது நான் ரெண்டு வருஷம் வேலை பாத்த கேம். பெரிய உலகம். எங்க வேணா போலாம், இன்னா வேணா பண்ணலாம். அப்பாவை ஒரே ஒரு தடவை ஆடிப் பாக்கச் சொல்லு. ரெண்டாவது சனிக்கிழமை வீடியோ கால்ல வருவேன். அதுக்குள்ள ஆடியிருந்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆடலைன்னா வூட்டைப் பூட்டிக்கினு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. அப்பாவை டாக்டர்கிட்ட காட்டியே ஆவணும்.”

“அங்கியா? நாலாவது மாடில என்னா பண்றது நானு? எட்டிப் பாத்தா தலை சுத்துது. பேச ஒரு நாதி இல்ல.”

“அப்ப ஆடச் சொல்லு.”

இவ்வளவையும் நெடுஞ்செழியன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வீடு போகும், ஊர் போகும் என்பது காதில் விழுந்தது. விழுந்து அப்படியே கிடந்தது.

கேபிள்காரர் சீனுவாசன் வந்து பெட்டியை டிவியோடு பொருத்தினார். திரையில் ஒரு தேசம் வந்தது. மதில் சூழ்ந்த ஊர், வாசலில் ஒரு காவல்காரன், அங்கிருந்து கிளம்பும் மண்பாதை, நடுவில் கல்பாலம், கடைசியில் மலைமேல் ஒரு கோட்டை. யாரும் தொடாமலே படம் அந்தப் பாதை வழியாக மெல்லக் கோட்டைவரை போய், திரும்பவும் ஊர் வாசலுக்கு வந்து நின்று, மறுபடி கிளம்பியது. ஓரத்தில் இரண்டு வரி எழுத்து.

“மேல இருக்கறது புது ஆட்டம், கீழ இருக்கறது வெளிய போறது. இந்தப் பட்டனை அமுக்குனா உள்ள போயிடலாம், கண்டக்டரண்ணே” என்று ஒயர் இல்லாத கன்ட்ரோலரை அவர் மடியில் வைத்தார் சீனுவாசன்.

நெடுஞ்செழியன் அதைப் பார்த்தார். ஐந்து மாதத்தில் அவராக வாயைத் திறந்தது அப்போதுதான்.

“எங்க இறங்கணும்?”

“எங்கியும் இறங்க வேணாண்ணே. இஷ்டத்துக்குப் போய்க்கினே இருக்கலாம்.”

“எங்க இறங்கறதுன்னு தெரியாம எதுக்கு ஏறணும்?”

சீனுவாசனுக்கு டிப்ளமோ வரை படிப்பு. அதில் இதற்குப் பதில் இல்லை. “ஆடி முடிக்க முந்நூறு மணி நேரமாவுமாம்ண்ணே” என்றார், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

“விழுப்புரம் ஒண்ணேகால் மணி” என்றார் நெடுஞ்செழியன். அத்தோடு வாய் மூடிக்கொண்டது.

அடுத்த நாள் அம்சா பஞ்சாங்கம் பார்த்து, ராகுகாலம் எமகண்டம் தள்ளி, பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். புது வண்டிக்குச் செய்வது போல எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். பெட்டிக்குச் சக்கரம் இல்லை. கன்ட்ரோலரைத் தூக்கி அதன் அடியில் பழத்தை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள். சாறு அவர் வேட்டியில் வழிந்தது.

“இன்னாங்க, நேரம் நல்லா இருக்கு. ஜல்தி அமுக்குங்க.”

அவர் கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தார். அமுக்கவில்லை. பன்னிரண்டு மணி ஆயிற்று. விரல் அங்கேயே இருந்தது. மறுநாளும் இருந்தது. அதற்கடுத்த நாள் அந்த விரலுக்கும் பட்டனுக்கும் நடுவில் ஒரு சிலந்தி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுகளைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டுப் போனது.

“பயமா இருக்குதா?” என்றாள் அம்சா.

“இல்ல.”

“புடிக்கலியா?”

“தெரியல.”

“பின்ன இன்னாதான் பேஜாரு? ஒரு பட்டன் அமுக்க ஒரு வாரமா? சனிக்கிழமை வருது. மூட்டை கட்டவா?”

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். போகலாமா வேண்டாமா என்று அவர் யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. போவதற்கு ஆசையும் இல்லை, போகாமல் இருக்க ஆசையும் இல்லை. விரல் நின்றதற்குக் காரணம் வேறு.

“டிரைவர் வரல” என்றார்.

அம்சா சிரிக்கவில்லை. கண்டக்டர் பெண்டாட்டிக்கு அது விளங்கும். முப்பத்தோரு வருஷத்தில் அவர் ஒரு நாளும் வண்டியைத் தானாக எடுத்ததில்லை. ஜனத்தை ஏற்றுவார், எண்ணுவார், விசில் கொடுப்பார். எடுப்பவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். முன் சீட் காலியாக இருக்கும்போது விசில் கொடுத்த கண்டக்டர் அந்த டெப்போவிலேயே கிடையாது.

அவள் போனை எடுத்து ஒலக்கூருக்குப் போட்டாள். பழைய டிரைவர் மண்ணாங்கட்டி அங்கேதான் இருந்தார். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்காமல் போனதால், இதுவாவது தங்கட்டும் என்று வைத்த பெயர். தங்கியது. எழுபது கிலோவில் தங்கியது.

“அண்ணே, ஒரு வண்டி நிக்குது. எடுக்க ஆளில்ல.”

“எத்தினி மணிக்கு?”

“காலைல பத்தரைக்கு.”

வேறொன்றும் கேட்காமல் மறுநாள் பத்து மணிக்கு மண்ணாங்கட்டி வந்தார். காக்கிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான் மூட மறுத்தது. வந்தவர் பெட்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார். குனிந்து கீழே பார்த்தார். காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“டயர் எங்கடா?”

“இல்லியாம்.”

“நம்ம பழைய வண்டிலயும் இருந்தும் இல்லாத மாதிரிதான். நவுரு.”

டிவிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் ஸ்டியரிங்காகப் பிடித்தார். நெடுஞ்செழியன் நாற்காலியிலிருந்து எழுந்தார். கண்டக்டர் உட்கார்ந்து விசில் கொடுப்பது முறையில்லை. ஸ்டூலுக்குப் பின்னால் இடப்பக்கம் நின்று, மேலே கம்பி இருப்பது போல ஒரு கையை உயர்த்திக்கொண்டார். இன்னொரு கை சட்டைப் பையைத் துழாவியது. விசில் இல்லை. நாக்கை மடித்து ஊதினார்.

வண்டி கிளம்பியது.

ஊர் வாசல்தான் விழுப்புரம், கல்பாலம் விக்கிரவாண்டி, கோட்டை திண்டிவனம் என்று இரண்டு பேரும் பேசாமலே ஒத்துக்கொண்டார்கள். அந்த உலகத்தில் இவர்களுக்குக் கிடைத்தது ஒரு குதிரை. அதில் உட்கார்ந்து நாற்பத்தெட்டு, நின்றுகொண்டு இருபது என்று ஏற்றினார் நெடுஞ்செழியன். கொல்லன், சூனியக்காரி, வாள் வைத்திருந்த நான்கு வீரர்கள். வாள்களை எல்லாம் வாங்கி லக்கேஜில் போட்டார். கிரீடம் வைத்த ராஜா ஒருவர் பாதையில் கைகாட்டி, ஏறியதும் முன் சீட்டைப் பார்த்தார்.

“பின்னால போ, பின்னால போ. ராஜாவுக்கெல்லாம் தனி சீட் இல்ல. கம்பியைப் புடிச்சிக்க.”

ராஜா பிடித்துக்கொண்டார்.

பாலத்தில் பனைமரம் உயரத்துக்கு ஒரு பறக்கும் நாகம் நெருப்புக் கக்கிக்கொண்டு குறுக்கே நின்றது. அதைக் கொன்றால்தான் வழி என்பது ஆட்டத்தின் விதி. மண்ணாங்கட்டி பிரேக் போட்டார். நெடுஞ்செழியன் படியில் தொங்கினார்.

“ஏறுறியா, வழி வுடுறியா?”

நாகம் யோசித்தது. அதை இதுவரை யாரும் ஏறச் சொல்லிக் கேட்டதில்லை. ஏறியது.

“வாலை உள்ள இழுப்பா. படில தொங்கவுடாத. வர்ற வண்டில அடிபடும்” என்றார் நெடுஞ்செழியன்.

“எவன்டா அவன், வண்டிக்குள்ள பீடி பத்தவைக்கறது?” என்று முன்னாலிருந்து திரும்பாமலே கத்தினார் மண்ணாங்கட்டி.

“நாகம்ண்ணே.”

“அணைக்கச் சொல்லு.”

அணைத்தது.

கோட்டைக்குப் போய் இறக்கி, ஏற்றித் திரும்பினார்கள். மறுபடி போனார்கள். அன்றைக்கு எட்டு சிங்கிள். மறுநாள் எட்டு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் காட்டுக்குப் போகும் வழி ஒன்று தெரிந்தது. இரண்டு பேரில் ஒருவரும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. நெடுஞ்செழியனுக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. வண்டி போனது, அவர் நின்றார்; அவ்வளவுதான். ஊர் வாசல் காவல்காரன் ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியத்தைச் சொன்னான், வாயைத் திறந்து மூடி, அதே மாதிரி. அவனை மட்டும் ஒவ்வொரு தடவையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் விசில் கொடுத்தார். டிரைவர் லேட்டாகிறது என்று முறைத்தாலும் கேட்டார்.

மூன்றாம் நாள் ஐந்தாவது சிங்கிளில், உயர்த்திய கையை இறக்காமலே சொன்னார்:

“கால் வலிக்குது, அம்சா.”

அம்சா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அதற்கும் அவள் திரும்பவில்லை. மண்ணாங்கட்டி மட்டும், “எனக்கு முதுகு வலிக்குதுடா, நான் சொன்னனா?” என்றார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு சங்கவி வீடியோ காலில் வந்தாள். அம்சா போனை நீட்டிப் பிடித்துக் காட்டினாள். ஸ்டூலில் மண்ணாங்கட்டி, கையில் கன்ட்ரோலர். பின்னால் கையை உயர்த்தியபடி அப்பா. திரையில் பாதை நகர்ந்துகொண்டிருந்தது, ஓரத்தில் அதே இரண்டு வரி எழுத்தோடு.

“அப்பா! ஆடுனியா?”

“ஆடல. ஓட்டுனோம்.”

“எதுவரைக்கும் போனப்பா?”

“கோட்டை. நாளைக்கு எட்டு சிங்கிள்.”

“கோட்டைக்கு அந்தாண்ட எவ்ளோ இருக்கு தெரியுமா? காடு, கடலு, தீவு... அதெல்லாம்தான் நான் மாசக்கணக்கா பாத்தது. அங்கல்லாம் போலியா?”

நெடுஞ்செழியன் திரையைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

“அது வேற டெப்போம்மா.”

சங்கவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சரிப்பா. நீங்க அங்கியே இருங்க. பொங்கலுக்கு நான் வர்றேன்.”

அம்சா போனை வைத்தாள். மூட்டை கட்டுவதற்காகப் பரணிலிருந்து இறக்கிய இரண்டு பைகளையும் திரும்ப மேலே ஏற்றினாள். மண்ணாங்கட்டி எச்சில் தொட்டு மீசையைத் தடவிக்கொண்டு, “ரைட் சொல்லு, நேரமாவுது” என்றார். நெடுஞ்செழியன் நாக்கை மடித்தார்.

கன்ட்ரோலரில் இருந்த பேட்டரிகள் இரண்டும், சீனுவாசன் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போன அன்று மத்தியானத்திலிருந்தே, ஹால் கடிகாரத்தில் ஒன்றும் சமையலறைக் கடிகாரத்தில் ஒன்றுமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.