என் கூரைமேல் சிவப்புப் புள்ளி

சனிக்கிழமை காலை அடுப்பில் பன்றிக்கறி வெள்ளைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிஸ்கட் ரொட்டியைச் சுட்டெடுத்துத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். கெண்ட்ராவின் கார் சத்தம் எனக்குத் தெரியும், சைலன்சரில் ஓட்டை. கரண்டியோடு ஜன்னலுக்கு வந்தேன். கார், சக்கரத்தில் இழுத்துவந்து நிறுத்திய வீடுகள் உள்ள எங்கள் டிரெய்லர் பேட்டையின் நுழைவாயிலில், தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் நின்றது. பின் சீட்டில் என் பேத்தி மேஸி தூண்டில் கம்பை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகக் கை காட்டினாள். நானும் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன். கெண்ட்ரா கீழே குனிந்து போனைப் பார்த்தாள். அப்புறம் என் கூரையைப் பார்த்தாள். அப்புறம் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். காட்டிய கையை மேஸி இறக்கவே இல்லை. வளைவு வரைக்கும் அது தெரிந்தது. குழம்பு அடிப்பிடித்துவிட்டது. சட்டியோடு வெளியே கொட்டினேன், நாய்கூட அதை மோந்துவிட்டுப் போனது.

கெண்ட்ரா என் மகன் டேலின் பெண்டாட்டியாக இருந்தவள். டேல் வடக்கே எண்ணெய்க் குழாய் வேலைக்குப் போனான், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். விவாகரத்து ஆன பிறகும் இவள் சனிக்கிழமை தவறாமல் குழந்தையைக் கொண்டுவந்து விடுவாள். அதற்காக அவளை நான் மதித்தேன். நான் மதிக்கிற ஆட்கள் அதிகம் கிடையாது. கோழி ஆலையில் கத்தி பிடித்தே ஆயுசு போயிற்று, பள்ளிக்கூடத்தை ஏழாவதோடு விட்டவன். மனிதர்கள் பேசுவதைவிட அவர்கள் கை என்ன செய்கிறது என்று பார்த்துப் பழகியவன். அன்றைக்கு அவள் கை ஸ்டீயரிங்கைத் திருப்பியது.

போன் போட்டேன், எடுக்கவில்லை. ஞாயிறும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை அவள் கல்லாவில் நிற்கிற தீவனக் கடைக்கே போனேன். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. பக்கத்துப் பெண்ணிடம் கல்லாவை விட்டுவிட்டு என்னைப் பின்பக்கம் ஐஸ் பெட்டி அருகே கூட்டிக்கொண்டு போனாள்.

"மிஸ்டர் வெர்லின், இங்க வெச்சு சத்தம் போடாதீங்க. எனக்கு இருக்கறது இந்த ஒரு வேலைதான்."

"சத்தம் போட வரல. எம்பேத்தி வாசல் வரைக்கும் வந்துட்டு ஏன் போனா?"

அவள் போனை எடுத்து நீட்டினாள். ஹாலோவீன் வருவதால் பள்ளிக்கூடத்திலிருந்து தாய்மார்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகிற தெருக்களை எல்லாம் அரசாங்கத்தின் குற்றவாளிப் பட்டியலில் தேடிப் பாருங்கள், எவனெவன் எங்கே இருக்கிறான் என்று வரைபடம் காட்டும் என்று. குழந்தைகளிடம் கைவைத்தவன்கள், பெண்களைக் கெடுத்தவன்கள், எல்லாரும் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இவள் தன் தெருவைப் பார்த்திருக்கிறாள். அப்புறம் என் விலாசத்தை அடித்திருக்கிறாள். வரைபடத்தில் எங்கள் டிரெய்லர் பேட்டை பச்சையாகத் தெரிந்தது. என் கூரை மேலே ஒரு சிவப்புப் புள்ளி.

காது இரண்டும் சூடாகிப்போனது.

"டேல் கல்யாணத்துல உங்கப்பனுக்குப் பதிலா உன்னைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"நீங்கதான்."

"நான்தான். இத யாரு செஞ்சா? எவனோ ஆபீஸ்ல உக்காந்து ஒரு புள்ளி வெச்சான். அவன நம்பிட்ட. அத அமுக்கிப் பாத்தியா? பேரு என்னன்னு பாத்தியா?"

"இல்ல."

"ஏன்?"

அவள் ஐஸ் பெட்டிமேல் கை வைத்துக்கொண்டாள். "அமுக்கினா உங்க மூஞ்சி வந்துருமோன்னு பயமா இருந்துச்சு."

இதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். போனைப் பிடுங்கி என் பெருவிரலால் அந்தப் புள்ளியை அமுக்கினேன். கண்ணாடி என் விரலை மதிக்கவில்லை, இரண்டு மூன்று தடவை குத்தின பிறகுதான் திறந்தது. வழுக்கைத் தலை, நரைத்த தாடி. லானி டீக். பதினாலாம் நம்பர் டிரெய்லர்.

எங்கள் பேட்டை முழுக்க ஒரே விலாசம்தான். தபால்காரன் எல்லாருடைய தபாலையும் வாசலில் இருக்கிற பெட்டிகளில் போட்டுவிட்டுப் போவான். வாசலை ஒட்டி இருக்கிற முதல் வீடு என்னுடையது. விலாசத்தைத் தேடுகிற இயந்திரத்துக்கு அந்த முதல் கூரையைத் தாண்டிப் போகத் தெரியவில்லை. பேட்டையில் எவன் செய்த பாவமும் என் தலைமேல்தான் வந்து உட்காரும்.

கெண்ட்ரா படத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் இறங்கிக்கொண்டு வந்தது. சரி, இந்தச் சனிக்கிழமை கொண்டுவந்து விடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கை சட்டையை விட்டுவிட்டது.

"பதினாலுன்னா எங்க? நீங்க ரெண்டு பேரும் குளத்துக்குப் போற வழிதானே?"

நான் போனை அவள் கையில் திருப்பி வைத்தேன்.

"அங்க ஒரு தாத்தா கை காட்டுவாருன்னு மேஸி சொன்னா. தாடி வெச்ச தாத்தான்னா."

"எனக்குத் தெரியாது கெண்ட்ரா. சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஹைவே ஓரம் பர்கர் கடையில பாத்துக்கலாம். நான் வெளிய கார்ல இருக்கேன். அந்தப் பேட்டைக்குள்ள மட்டும் எம்பொண்ண விட மாட்டேன்."

"ஜாமீன்ல வந்தவன் மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து எம்பேத்தியப் பாக்கச் சொல்றியா?"

"வேற எடத்துக்குப் போங்க. நானே கொண்டாந்து விடறேன்."

நான் குற்றவாளி இல்லை என்று நிரூபித்த அதே விரல்தான் குழந்தையை என்னிடமிருந்து எடுத்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவை இரண்டு தடவை சாத்தினேன், முதல் தடவை போதவில்லை.

பேட்டையின் சொந்தக்காரன் கார்லிஸைப் பார்க்கப் போனேன். அவன் ஆபீஸில் கால் நீட்டிச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"லானியப் பத்தி உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? ஷெரீஃப் ஆளு வந்து கையெழுத்து வாங்குவான்." உமியை டப்பாவில் துப்பினான். "பள்ளிக்கூடம், பூங்கா, புள்ளக் காப்பகம், எதுக்குப் பக்கத்துலயும் அவனுங்க இருக்கக் கூடாது. மிச்சம் என்ன இருக்கு? என் பேட்டையும் குப்பைமேடும். அவனுங்கதான் வாடகைய ஒழுங்கா குடுக்கறானுங்க. நீ சொல்லு, நீ ஒழுங்கா குடுக்கறியா?"

"அவனுங்களா? எத்தன பேரு?"

அவன் அடுத்த விதையைக் கடித்தான். "புள்ளி ஒன்னுதானே தெரியுது. ஒன்னு மேல ஒன்னு விழுந்திருக்கும்."

மேசையைத் தாண்டி அவன் கழுத்தைப் பிடித்திருப்பேன். பிடிக்கவில்லை. அவன் துரத்திவிட்டால் வீட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்ற யோசனைதான் தடுத்தது, வேறு நல்ல குணம் ஒன்றும் இல்லை.

நேராகப் பதினாலாம் நம்பருக்கு நடந்தேன். லானி டீக்கை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வசந்தத்தில் அவன் டிரெய்லர் ஒரு பக்கம் மண்ணில் இறங்கியபோது என் ஜாக்கியைக் கடன் கேட்டான். நான் ஜாக்கி அடித்தேன், அவன் கட்டை செருகினான். திருப்பிக் கொடுக்கும்போது எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தான். அந்த ஒன்றுக்காக அவனை ஒழுங்கானவன் என்று மனசுக்குள் எழுதிவைத்தேன். கையைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவனாம் நான்.

கதவைத் தட்டியதும் வெளியே வந்தான். உள்ளே கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

"பாத்துட்டீங்க."

"பாத்துட்டேன். இங்கயிருந்து போயிரு."

"எங்க போறது?"

"அது என் கவலை இல்ல."

அவன் தலையாட்டினான். "மேஸி வரும்போது நான் கதவச் சாத்திட்டு உள்ள..."

"அவ பேரு உனக்கு எப்படிடா தெரியும்?"

"குளத்துலருந்து நீங்கதான் கத்திக் கூப்பிடுவீங்க. காத்துல கேக்கும்."

"கை காட்டியிருக்க."

"அவ காட்டினா. நானும் காட்டிட்டேன், ஒரே ஒரு தடவ. அப்புறம் நீங்க வர சத்தம் கேட்டாலே உள்ள போயிருவேன்."

"நீ என்ன பண்ணேன்னு உன் வாயால சொல்லு."

"அதுல போட்டிருக்கே."

"படிக்கத் தெரியாதவன்னு வெச்சுக்க. சொல்லு."

அவன் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பொண்டாட்டியோட அக்கா மக. ஒம்பது வயசு. எங்க வீட்டுலதான் விட்டுட்டு வேலைக்குப் போவாங்க."

திருந்திவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அதற்குத்தான் காத்துக்கொண்டு நின்றேன். அவன் சொல்லவில்லை. என் கை மூடியபடியே இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் திறந்தது.

கோழி ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஹாலிஸுக்கு ஓடை ஓரம் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. அவனிடம் கேட்டேன்.

"கொண்டாந்து நிறுத்துடா கிழவா," என்றான். "மாட்டுக்குப் பேச்சுத்துணை வேணும்னு ரொம்ப நாளா பாக்கறேன். டிராக்டர் தரேன். ஆனா வீட்டைத் தூக்கிச் சக்கரத்துல நிறுத்தறது உன் பாடு. எனக்கு இடுப்பெலும்பு மாத்தினதுலருந்து குனிஞ்சா நிமிர ஒரு ஆளு வேணும்."

போகுமுன் நூலகத்துக்குப் போனேன். கெண்ட்ரா எப்படியும் தேடுவாள், அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும். நூலகத்து நாக்ஸ் அம்மாளிடம் ஹாலிஸின் சாலையைச் சொன்னேன். அவள் தட்டினாள். பச்சை. ஓடை ஒரு நீலக் கோடாகப் போனது. ஒரு புள்ளி இல்லை.

"நல்ல எடந்தான் மிஸ்டர் வெர்லின். சுத்தமா இருக்கு."

"நம்ம சர்ச் இருக்கற தெருவப் போடுங்க."

ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டாள். அங்கேயும் ஒன்றுமில்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். சர்ச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் பித்தளைத் தகடு ஒன்று இருக்கிறது. கூடத்தைக் கட்டிக் கொடுத்த மூப்பர் ஏமஸ் விட் என்பவரின் பெயர் அதில் வெட்டியிருக்கிறது. என் அக்கா ஓலெட்டா சாகும்வரை அந்தக் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. திருவிழாச் சாப்பாடு என்றாலும் தட்டை வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்து சாப்பிடுவாள், மழையானாலும் சரி. ஏன் என்று அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். எல்லாரும் அவளுக்கு ஒரு துண்டு கேக்கை அதிகமாக வைத்து அனுப்பினார்கள். ஏமஸ் விட் செத்தபோது ஊரே கடையை மூடியது. எந்த வரைபடத்திலும் அவன் இல்லை. அந்தத் தகட்டை மாதாமாதம் ஒருத்தி பாலீஷ் போட்டுத் துடைக்கிறாள்.

புள்ளி இல்லாத பச்சையைப் பார்த்து நிம்மதிப்படாதே என்று கெண்ட்ராவிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் குழந்தையை எந்த வாசலிலும் இறக்கமாட்டாள், என் வாசலில்கூட. நாக்ஸ் அம்மாள் அந்தப் பச்சையைத் தாளில் எடுத்துக் கொடுத்தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே கெண்ட்ராவிடம் காட்டினேன். அவள் நிலாவைப் பார்க்கிறமாதிரி அதைப் பார்த்தாள்.

"வீடு அங்க போய் நின்ன அன்னிக்கே கொண்டாறேன்," என்றாள்.

மறுநாள் காலை, டிரெய்லரின் அடியை மறைத்திருந்த தகரத்தைக் கழற்றினேன். கூலி ஆள் வைக்க வக்கில்லை. சக்கரங்கள் இருந்தன, காற்றில்லாமல் மண்ணுக்குள் பாதி போய். காங்கிரீட் கட்டைகள் மேல்தான் வீடு இத்தனை காலம் உட்கார்ந்திருந்தது. வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஒவ்வொரு தடவையும் மரக்கட்டை செருகிக்கொண்டே வரவேண்டும். இரண்டு ஆள் வேலை. ஒருத்தன் அடிக்கும்போது இன்னொருத்தன் செருக வேண்டும், ஜாக்கி பழசானால் எண்ணெய் கசிந்து இறங்கிவிடும். பேட்டையில் பாதிப் பேர் வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டு பார்த்தார்கள். இப்போது எல்லாரும் போனில் பார்த்திருப்பார்கள். புள்ளியை அமுக்கிப் பெயர் பார்த்தவர்கள் எத்தனை பேரோ. எவனும் கிட்டே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

முதுகைத் தரையில் போட்டு உள்ளே நகர்ந்தேன். பக்கத்திலிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகினேன். வீடு முனகிக்கொண்டு எழும்பியது. இன்னொரு கட்டை இருந்தால் சக்கரம் மண்ணை விட்டுவிடும். கைக்கெட்டியவரை தடவினேன், தீர்ந்துவிட்டது. மிச்சம் எல்லாம் அந்தப் பக்கம் குவியலில் கிடந்தது.

சரளைக்கல்லில் காலடி கேட்டது. இரண்டு பூட்ஸ் வந்து நின்றன. ஒரு மரக்கட்டை என் பக்கமாகக் கீழே இறங்கியது, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

"நான் செருகறேன். நீங்க அடிங்க," என்றான் லானி.

"கீழ வை."

"இறங்குது மிஸ்டர் வெர்லின். ஜாக்கி கசியுது."

"கீழ வெச்சுட்டுப் போ."

வைத்தான். பிறகு பூட்ஸ் இரண்டும் திரும்பிப் பதினாலாம் நம்பர் பக்கம் போயின.

கட்டை என் விரலுக்கு அரை முழம் தள்ளிக் கிடந்தது. ஒரு கையால் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினேன், தோள் கழன்றுவிடும்போல இருந்தது. தலைக்கு மேலே வீடு சாய ஆரம்பித்தது. மேஸியின் தூண்டில் மிதவை ஒன்று எங்கிருந்தோ கழன்று, சமையலறைத் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருண்டு போகிற சத்தம் கேட்டது.