குனிந்தால் வருகிற பயம்

ஒன்பது மணிக்கு ஆபரேஷன். ஏழரைக்கே பச்சை அங்கியை மாட்டி, லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டார்கள். சாதாரணக் குடலிறக்கம், அரை மணி நேர வேலை, சாயங்காலமே எழுந்து நடக்கலாம் என்றார்கள். அவருக்கோ மயக்க ஊசி போட்டால் மறுபடி கண் திறக்கப்போவதில்லை என்று உள்ளுக்குள் நிச்சயமாகப் பட்டது. அதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் ஓர் ஆள் இல்லை.

மனிதர் ஒன்றும் பயந்த பிறவி அல்ல. இருபதாவது மாடி உயரத்தில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றபடி தேநீர் குடிக்கிறவர். எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் லிஃப்டின் அடிக்குழியில் இறங்கி, ஸ்பிரிங்கைப் பார்க்கக் குனிந்தார். அவ்வளவுதான். நெஞ்சு தடதடவென்று அடித்தது, மண்டை பிளந்தது, சட்டை தொப்பலாக நனைந்தது. செத்தோம், இதோ இந்த நிமிஷமே செத்தோம் என்று ஒரு பயம் வந்து ஆளை உலுக்கியது. பத்து நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் அடங்கிவிட்டது.

அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு தரம், மூன்று தரம். கூட வேலை செய்கிறவர்களுக்குக் கேட்கவா வேண்டும்? தொடைநடுங்கி என்று பட்டம் கட்டினார்கள். மேலாளர் பரிதாபப்பட்டு டெலிபோன் எடுக்கிற மேஜைக்கு மாற்றினார், அது கேலியைவிட மோசம். குடும்ப டாக்டர் பிரஷர் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனைவியும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது போல என்று தன் தங்கையிடம் போனில் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

மெக்கானிக் மூளை சும்மா இருக்குமா? பழுது எதைச் செய்தால் வருகிறது என்று பார்ப்பதுதான் அவர் தொழில். பார்த்தார். மொட்டைமாடி விளிம்பில் நின்றால் வரவில்லை. கட்டிலடியில் இருக்கும் பெட்டியை இழுக்கக் குனிந்தால் வந்தது. இடப்பக்கம் சாய்ந்து வயிறு மடங்கினால் தப்பாமல் வந்தது. மனசில் இருக்கிற பயம், வயிறு மடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டா வரும்?

இதைத்தான் விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். சர்ஜன் தோளைத் தட்டிக்கொடுத்து, ஆபரேஷன் என்றால் யாருக்கும் உதறல்தான் என்று சிரித்துவிட்டுப் போனார். நர்ஸும் அதையே சொன்னாள். மனைவிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசியாக மயக்க மருந்து டாக்டர் வந்தாள், சின்ன வயதுப் பெண். கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். நூற்றிருபதுக்கு எண்பது. அவர் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள், ஆனால் கண் கடிகாரத்தில் இருந்தது. தள்ளுவண்டியும் வாசலுக்கு வந்துவிட்டது.

மேற்பார்வையாளர் வந்து நிற்கும்போது வராத பழுதை யாரும் பழுது என்று ஒப்புக்கொள்வதில்லை. வரவழைத்துக் காட்ட வேண்டும். காரணம் பிடிபட்ட நாளிலிருந்து எதற்குப் பயந்து தரையில் விழுந்த பேனாவைக்கூட எடுக்காமல் இருந்தாரோ, அதையே இப்போது தானாகக் கூப்பிட வேண்டும். வந்தால் திரும்பிப் போகும் என்று என்ன நிச்சயம்?

"டாக்டர், அந்தப் பட்டைய கழட்டாதீங்க. நான் குனிஞ்சதும் இன்னொரு தரம் பாருங்க."

"பேசாம படுங்க, மானத்த வாங்காதீங்க" என்றாள் மனைவி.

அவர் இடது விலாவுக்குக் கீழே முஷ்டியை அழுத்தி, முழங்காலில் நெற்றி படுகிற மாதிரி மடங்கினார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பதினொன்றில் வந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்து, வியர்வை தரையில் சொட்டியது. பிரஷர் மெஷின் அலறியது. டாக்டர் திரையைப் பார்த்தாள். இருநூற்று நாற்பதுக்கு நூற்று முப்பது.

"நிமிருங்க! ஐயோ, நிமிருங்க!" என்று அவரைத் தூக்கிச் சாய்த்தாள். தள்ளுவண்டியை வெளியே போகச் சொன்னாள். ஆபரேஷன் கிடையாது என்று சர்ஜனுக்கு ஆள் அனுப்பினாள். மெஷினில் எண் இறங்கும்வரை அவர் மணிக்கட்டை விடவே இல்லை. அப்புறம்தான் சொன்னாள். சிறுநீரகத்தின் மேல் அட்ரினல் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். ஆபத்து வந்தால் உடம்பை உசுப்பிவிடுகிற ஹார்மோன் அங்கிருந்துதான் வருமாம். அதில் ஒரு கட்டி இருக்கலாம், குனிந்தால் நசுங்கி மொத்தத்தையும் ரத்தத்தில் கொட்டுகிறது என்று சந்தேகப்பட்டாள். ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தால் தெரிந்துவிடும்.

"இது தெரியாம மயக்கம் குடுத்து வயித்துல கை வெச்சிருந்தோம்னா..." என்றவள் பாதியில் நிறுத்தி, ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினாள்.

ஸ்கேன் அறைக்குப் போகச் சக்கர நாற்காலி வந்தது. செருப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டிருந்தது. அதை எடுக்க அவர் ஏதோ நினைவில் குனியப் போனார்.

"குனியாதீங்க!" என்று மனைவி அலறினாள்.

தரையில் உட்கார்ந்து, கட்டிலடியில் கையை விட்டுச் செருப்பை எடுத்தாள். அவர் காலைத் தன் மடியில் வைத்து ஒவ்வொன்றாக மாட்டினாள். அழுகையில் வார் பிடிபடாமல் இரண்டு தரம் நழுவியது.